தீப்பெட்டிக்குள் அடைத்த பச்சை: எலன் டெர்ரியின் பொன்வண்டு அங்கி

எங்கள் ஊரில் பொன்வண்டு வளர்க்காத பிள்ளைகள் குறைவு. முதல் மழை விழுந்ததும் கருவேல மரத்தில் தேடிப் பிடிப்போம். காலித் தீப்பெட்டியில் இலையோடு அடைத்துப் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்துக்கொள்வோம். முட்டை போட்டிருக்கா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்ப்போம். வண்டு பாவம், கொஞ்ச நாளில் செத்துப்போகும். சிறகை மட்டும் எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொள்வோம். அடுத்த வருஷம் நோட்டைத் திறந்தால் பென்சில் எழுத்து மங்கியிருக்கும், அந்தப் பச்சை மட்டும் அப்படியே இருக்கும்.

அதே பச்சையை ரொம்ப நாள் கழித்து நான் பார்த்தது ஓர் ஓவியத்தில். ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889-இல் வரைந்தது, இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆளுயரத்துக்கும் மேலே, 221 சென்டிமீட்டர். முழங்கால் வரை தொங்கும் செம்பட்டைச் சடைகளோடு ஒரு பெண், இரண்டு கையாலும் ஒரு கிரீடத்தைத் தூக்கித் தன் தலையில் வைக்கப்போகிறாள். உடம்பு முழுக்க நீலமும் பச்சையுமாக மினுங்கும் அங்கி. அவர் நடிகை எலன் டெர்ரி. வேடம் லேடி மெக்பெத். அங்கியில் மினுங்குவது ஜரிகையோ கண்ணாடியோ இல்லை. நிஜமான வண்டுச் சிறகுகள், ஏறக்குறைய 1,000. ஒரு வண்டுக்குக் கெட்டியான மேல்சிறகு இரண்டுதான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு அங்கியைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தக் காலத்து லண்டன் மேல்தட்டின் கலை, உடை, அரட்டை எல்லாமே வந்து சேர்கிறது. முடிவில் மெட்ராஸும் வருகிறது.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்

எலன் டெர்ரி 1847-இல் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர், குழந்தையிலேயே மேடை ஏறியவர். 1864-இல், பதினேழு வயது நிறைவதற்குள், 46 வயது ஓவியர் ஜி. எஃப். வாட்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. பிறகு கட்டடக் கலைஞர் எட்வர்ட் காட்வினோடு கல்யாணம் செய்யாமலே வாழ்ந்து இரண்டு பிள்ளைகள் பெற்றார். விக்டோரியா காலத்தில் இது சின்ன விஷயமில்லை. வேறொரு பெண்ணாக இருந்தால் நல்ல வீட்டு வாசலை மிதிக்க விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மேடையில் அவரைப் பார்க்க அதே நல்ல வீட்டுக்காரர்கள்தான் வரிசையில் நின்றார்கள்.

இந்த காட்வின் உடை விஷயத்தில் முக்கியமான ஆள். இடுப்பை நெரிக்கும் கார்செட்டும் பின்பக்கம் புடைக்கவைக்கும் சட்டமும் வேண்டாம், துணி உடம்போடு விழ வேண்டும் என்று சொன்ன கூட்டம் ஒன்று அப்போது லண்டனில் இருந்தது. அழகியல் இயக்கம் என்பார்கள். லிபர்ட்டி கடை 1884-இல் உடைப் பிரிவு தொடங்கியபோது அதை நடத்த அழைத்தது காட்வினைத்தான். டெர்ரி வீட்டிலும் மேடையிலும் இந்தப் பாணியில்தான் உடுத்தினார்.

1878-இலிருந்து அவர் லைசியம் அரங்கத்தில் ஹென்றி இர்விங்கின் ஜோடி. லைசியத்தை வெறும் நாடகக் கொட்டகை என்று நினைக்கக் கூடாது. அங்கே முதல் நாள் காட்சி என்றால் ஊரின் பெரிய மனிதர்கள் ஆஜர். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ‘பீஃப்ஸ்டேக் அறை’யில் இர்விங் விருந்து வைப்பார், வேல்ஸ் இளவரசரும் வந்திருக்கிறார். இந்த வரவு செலவையெல்லாம் பார்த்துக்கொண்ட மேலாளர் பெயர் பிராம் ஸ்டோக்கர். ஆமாம், பின்னாளில் டிராகுலா எழுதினாரே, அவரேதான்.

அங்கியை வடிவமைத்தவர் ஆலிஸ் கோமின்ஸ் கார். தைத்தவர் ஏடா நெட்டில்ஷிப். ஆஸ்கர் வைல்டின் மனைவி கான்ஸ்டன்ஸுக்குக் கல்யாண உடை தைத்தவரும் இவரே. ஆலிஸின் கணவர் ஜோசப் கோமின்ஸ் கார், 1888-இல் லண்டனில் திறந்த நியூ கேலரியின் இரு இயக்குநர்களில் ஒருவர். சார்ஜென்ட் வரைந்த படம் மறு வருஷம் முதலில் மாட்டப்பட்டது அந்த கேலரியில்தான். அதாவது மனைவி வடிவமைத்த அங்கி, கணவரின் சுவரில் படமாகத் தொங்கியது. அந்த உலகம் அவ்வளவு சின்னது.

பாம்புத் தோலும் சங்கிலிக் கவசமும்

ஆலிஸுக்கு இரண்டு உருவங்கள் ஒரே துணியில் வேண்டியிருந்தன: போர்வீரன் அணியும் சங்கிலிக் கவசம், பாம்பின் செதில். கடையில் அப்படி ஒரு துணி இல்லை. நெட்டில்ஷிப் பொஹீமியாவிலிருந்து ஒரு நூல் வாங்கிவந்தார். பச்சைப் பட்டு இழையும் நீல ஜிகினாவும் முறுக்கியது. அதைக் குரோஷா ஊசியால் பின்னி, நேராக விழும் 13-ஆம் நூற்றாண்டுப் பாணி அங்கி செய்தார்கள். அகன்று தொங்கும் கைகள். தொங்கல் நன்றாக வந்தது, பளபளப்புத்தான் போதவில்லை. அப்போதுதான் வண்டுச் சிறகுகளை மேலெல்லாம் வைத்துத் தைத்தார்கள். ஓரங்களில் கற்கள் பதித்த கெல்டிக் கோலம், அதன் மேலே ஊதா சாயலில் வெல்வெட் போர்வை.

‘போதவில்லை’ என்றால் எந்த வெளிச்சத்தில் என்று கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் மேடைக்கு மின்விளக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் இர்விங் எரிவாயு விளக்கைத்தான் விரும்பினார். அதோடு சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி வரும் லைம்லைட். பார்வையாளர் பக்கம் விளக்கை அணைத்துவிடுவார். இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் அசைகிற மஞ்சள் வெளிச்சத்தில் சாதாரணப் பச்சைத் துணி சோர்ந்துபோகும். வண்டுச் சிறகு அப்படி இல்லை. அவர் ஒரு அடி எடுத்து வைத்தால் நூறு இடத்தில் பச்சை நீலமாகி, நீலம் பச்சையாகும்.

1888 டிசம்பர் 29, முதல் காட்சி. இசை ஆர்தர் சல்லிவன். டெர்ரியின் லேடி மெக்பெத்தைப் பற்றி விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்தப் பாத்திரத்தை அரக்கியாகவே பார்த்துப் பழகியிருந்தவர்களுக்கு, கணவன்மேல் உயிரை வைத்திருக்கும் ஒரு மனைவியை அவர் காட்டியது பிடிக்கவில்லை. ஆனால் அங்கியைப் பற்றி இரண்டு பேச்சு இல்லை. அதைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் சார்ஜென்ட்.

டைட் தெருவில் ஒரு மழைக் காலை

சார்ஜென்டுக்கும் அது ஒரு நெருக்கடியான காலம். பாரிஸில் பேர் வாங்கிக்கொண்டிருந்தவர் 1884-இல் அங்கே வைத்த ஒரு படத்தால் அடிபட்டார். படத்தில் இருந்த சீமாட்டியின் அங்கிப் பட்டி ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது. அந்தப் பட்டி பாரிஸையே கொதிக்கவைத்தது. (‘மேடம் எக்ஸ்’ என்று இன்று கொண்டாடப்படும் படம் அதுதான், பட்டியைப் பிறகு தோள்மேல் ஏற்றி வரைந்துவிட்டார்.) லண்டனுக்கு வந்து டைட் தெரு 33-ஆம் எண் ஸ்டூடியோவில் குடியேறினார். ஓர் உடை படத்தைத் தூக்கவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டெர்ரி முழு வேடத்தோடு குதிரை வண்டியில் அந்தத் தெருவுக்கு வந்து போஸ் கொடுத்தார். அதே தெருவில்தான் ஆஸ்கர் வைல்ட் வீடு. ஈரமான ஒரு காலை நேரத்தில் ஒரு வாடகை வண்டிக்குள் லேடி மெக்பெத்தைக் கண்ட தெரு இனி மற்ற தெருக்கள் மாதிரி ஆகவே முடியாது என்கிற மாதிரி அவர் சொன்னது பிரசித்தம். இன்னொன்றும் சொன்னாராம்: இந்த அம்மாள் விருந்துக்கு வேண்டியதை உள்ளூரில் வாங்குகிறார், வேலைக்காரர்களுக்கும் கணவருக்கும் உள்ளூர்த் துணிதான், தனக்கென்றால் மட்டும் பைசாண்டியத்துக்குப் போய்விடுகிறார்!

சார்ஜென்ட் முதலில் யோசித்தது வேறு காட்சி: கோட்டை வாசலில் தோழியர் சூழ வந்து அரசனை வரவேற்பது. கடைசியில் அதை விட்டுவிட்டுக் கிரீடத்தைத் தலைமேல் தூக்கும் அந்த நிலையை எடுத்தார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. இர்விங் மேடையிலும் இல்லை. கைகளைத் தூக்கினால் அந்த அகன்ற கைத்துணி இரண்டு பக்கமும் விரிந்து விழும், அங்கி முழுதாகத் தெரியும். பாருங்க, உடைக்காகவே ஒரு காட்சி பிறந்திருக்கிறது. சிறகுகளை அவர் ஒவ்வொன்றாக வரையவில்லை. கிட்டே போனால் வெறும் தீற்றல்கள்தான். தள்ளி நின்றால் செதில்.

நியூ கேலரியில் கூட்டம் அலைமோதியது. பிறகு இர்விங் அதைத் தன் பீஃப்ஸ்டேக் அறையில் மாட்டினார். அவர் 1905-இல் இறந்தார். அடுத்த வருஷம் ஜோசப் டுவீன் அதை வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார்.

பச்சைக்கு ஏன் இவ்வளவு மவுசு?

அன்றைக்குப் பளிச்சென்ற பச்சை கிடைப்பது லேசில்லை. 1775-இல் ஷீலே என்ற வேதியியலாளர் செம்பையும் ஆர்செனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை கண்டுபிடித்தார். 1814-இல் அதைவிடப் பிரகாசமான எமரால்ட் பச்சை வந்தது, அதிலும் ஆர்செனிக். சுவர்த் தாள், நடன உடை, தொப்பிப் பூ என்று எல்லாவற்றிலும் அது ஏறியது. 1861-இல் லண்டனில் மட்டில்டா ஷோரர் என்ற 19 வயதுப் பெண் இறந்துபோனாள். துணிப்பூக்களின் இலைகளுக்கு அந்தப் பச்சைத் தூளைத் தூவுவது அவள் வேலை. அதற்குப் பிறகுதான் பச்சை உடையைப் பார்த்தால் ஜனங்கள் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கினார்கள்.

வண்டுச் சிறகின் பச்சையில் விஷம் இல்லை. சொல்லப்போனால் சாயமே இல்லை. சிறகின் மேல்தோலில் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன; ஒவ்வொன்றின் கனமும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேரும்போது பச்சை வலுக்கிறது, மற்றவை மங்குகின்றன. மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் வானவில் தெரியுமே, ஏறக்குறைய அதே கதை. கோணம் மாறினால் நிறம் மாறுவதும் இதனால்தான். சாயம் வெயிலில் வெளுக்கும், ஏனென்றால் அதன் மூலக்கூறு உடையும். இங்கே உடைவதற்கு அப்படி எதுவும் இல்லை. அடுக்கு கலையாத வரை நிறம் இருக்கும். என் நோட்டுக்குள் இருந்த சிறகு ஏன் மங்கவில்லை என்பதற்கு எனக்கு விடை கிடைத்தது இப்படித்தான்.

மெட்ராஸ் மஸ்லின்

சிறகைத் துணியில் தைக்கும் யோசனை ஆலிஸோடு தொடங்கவில்லை. இந்தியா, பர்மா, சயாம் பக்கம் இது பழைய கைவேலை. முகலாய அரண்மனை உடைகளில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்த வேலைக்குப் பேர்போன ஊர்களில் மெட்ராஸ் ஒன்று. மெல்லிய வெள்ளை மஸ்லினில் தங்க ஜரிகையால் கொடி ஓட்டி, இலை வரும் இடத்தில் பொன்வண்டுச் சிறகை வைத்துத் தைப்பார்கள். கம்பெனி அதிகாரிகளின் மனைவிமார் வாங்கினார்கள். கப்பலேறி இங்கிலாந்து நடன மண்டபங்களுக்கும் போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அது மரகதம் மாதிரி இருக்கும், விலையோ மரகதத்தில் கால் தூசிகூட இல்லை.

வேலை எளிதில்லை. சிறகு வளைந்தது, காய்ந்தால் நொறுங்கும். ஆவியில் காட்டி இளக்க வேண்டும், ஓரத்தை வெட்டிச் சரிசெய்ய வேண்டும், விரியாமல் ஊசியால் துளை போட வேண்டும். அப்புறம்தான் நூல். ஒரு பாவாடைக்கு இப்படி ஆயிரக்கணக்கில். இதைச் செய்த கைகளில் ஒன்றின் பெயரைக்கூட அந்த உடைகளில் நீங்கள் பார்க்க முடியாது. அருங்காட்சியக அட்டையில் அநேகமாக ‘இந்தியா, 19-ஆம் நூற்றாண்டு’ என்று இருக்கும், அவ்வளவுதான்.

இதே காலத்தில்தான் பாரிஸில் சார்ல்ஸ் ஃப்ரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயத் தையல்காரர், ஓவியர் படத்தில் கையெழுத்துப் போடுவதுபோல, தான் செய்த உடைகளுக்குள் தன் பெயர்ச் சீட்டைத் தைத்தார். உடைக்கும் ஓர் ‘ஆசிரியர்’ உண்டு என்று மேல்தட்டு ஏற்றுக்கொண்டது அங்கிருந்துதான். ஆனால் அந்தச் சீட்டு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

வண்டுகளுக்காகவும் யாரும் பேசவில்லை. சார்ஜென்ட் படம் சுவரேறிய அதே 1889-இல், மான்செஸ்டர் பக்கத்தில் எமிலி வில்லியம்சன் தொப்பிக்காகப் பறவைகளைக் கொல்லக் கூடாது என்று ஒரு சங்கம் தொடங்கினார். இன்றைக்கு பிரிட்டனின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். இறகுக்கு ஒரு மனசாட்சி பிறந்துவிட்டது. பூச்சிச் சிறகு அந்தக் கணக்கில் வரவில்லை.

கடைசியாக ஒரு மயில்

இந்தக் கதையின் உச்சம் 1903 ஜனவரி, டெல்லி தர்பார் நடனம். வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி, சிகாகோ கோடீஸ்வரர் மகள். அவர் அணிந்துவந்த அங்கியின் துணிப் பலகங்கள் டெல்லியில் கிஷன் சந்த் பட்டறையில் சர்தோசி வேலை செய்யப்பட்டவை: மேலிருந்து கீழ்வரை தங்க, வெள்ளி ஜரிகையில் மயிற்பீலி, ஒவ்வொரு பீலிக் கண்ணிலும் ஒரு வண்டுச் சிறகு. அவை பாரிஸுக்குக் கப்பலில் போய், வொர்த் நிறுவனத்தில் அங்கியாகத் திரும்பின. எடை நாலரைக் கிலோ. அங்கே இருந்தவர்களில் பலர் அந்தக் கண்களை மரகதம் என்றே நினைத்தார்களாம். பணக்கார வீட்டுப் பெண் என்றால் மரகதமாகத்தானே இருக்க வேண்டும்! இங்கே பட்டறையின் பெயராவது மிஞ்சியிருக்கிறது. அங்கியை உலகம் நினைவில் வைத்திருப்பதோ கர்சன் சீமாட்டியின் பெயரிலும் வொர்த் பெயரிலும்தான்.

அந்த அங்கி இப்போது டெர்பிஷையரில் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது. தங்க ஜரிகை கறுத்துவிட்டது. வண்டுச் சிறகு மங்கவில்லை.

எலன் டெர்ரியின் அங்கியும் பிழைத்திருக்கிறது. 1899-இல் அவர் கென்ட்டில் ஸ்மால்ஹைத் என்ற இடத்தில் ஒரு பழைய வீடு வாங்கி, 1928-இல் அங்கேயே இறந்தார். மகள் எடித் அந்த வீட்டையும் உடைகளையும் காப்பாற்றி 1939-இல் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார். ஊர் ஊராக நாடகத்துக்குப் போய்வந்த அங்கி கிழிந்து தொய்ந்திருந்தது. அதை 2011-இல் செப்பனிட்டு முடித்தார்கள். ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் பிடித்த வேலை. உடைந்த சிறகுகளுக்குப் பின்னால் ஜப்பானியத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டி, ஒவ்வொன்றாக மறுபடி தைத்திருக்கிறார்கள்.

நடித்தவர், வடிவமைத்தவர், தைத்தவர், வரைந்தவர், மாட்டியவர், வாங்கியவர், கேலி பேசியவர், இந்த அங்கியைச் சுற்றி எத்தனை பெயர்கள் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள், சிறகை ஆவியில் இளக்கி நொறுங்காமல் துளைபோடும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி, லண்டனுக்கு இந்த ஆசையையே மூட்டியவர்கள். அவர்களில் சிலர் உட்கார்ந்து தைத்த இடம் நம்ம மெட்ராஸ்.

அடுத்த தடவை எங்கேயாவது பழைய மஸ்லின் உடையில் பச்சையாக ஏதோ மினுங்கினால், சீமாட்டியின் பெயர் எழுதிய அட்டையைப் படித்துவிட்டு, தையலையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அங்கே பெயர் இருக்காது. சிறகு விரியாமல் போட்ட துளை இருக்கும்.